எட்டாம் ஹென்றியின் அமைச்சரும் ஆங்கில விவிலியமும்



இங்கிலாந்தை 1509 முதல் 1547 வரை ஆண்ட எட்டாம் ஹென்றி என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் அவன் மணந்த அரசியர் அறுவரே. அவன் காலத்தில் தாய்மொழி நூலொன்று கோயிலுக்குள் நுழைந்த வரலாறும், அதனை நுழைவித்த அமைச்சர் எய்திய முடிவும் அத்துணை பேசப்படுவதில்லை. அவற்றையே இன்று பேச விழைகிறேன்.

ஹென்றியின் பேரமைச்சர்களுள் முன்னவர் கர்தினால் உல்சி. அரசி காதரீனுடன் நிகழ்ந்த திருமணம் செல்லாது என்று போப்பாண்டவரிடமிருந்து தீர்ப்புப் பெற்றுத்தர இயலாமையால் 1529இல் வீழ்ந்தார். அவருக்குப்பின் சான்சலர் ஆன தாமஸ் மோர், குருமார் அரசனுக்குப் பணிந்த மறுநாளே, 1532 மே 16இல், பதவி துறந்தார். 1535இல் கொலைக்களம் கண்டார். மோரின் மனச்சான்றைப் போற்றுவோம். ஆயினும் டிண்டேலின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் எத்துணைக் கடுமையாகச் சாடினார் என்பதனையும் மறத்தலாகாது.

நம் பேச்சுக்கு உரியவர் தாமஸ் கிராம்வெல். உல்சியிடம் பணிபுரிந்து உயர்ந்தவர். அரசன் விரும்பியதனை நாடாளுமன்றச் சட்டமாக வடித்துத் தருவதே அவர்தம் தனித்திறன். 1533இல் ரோமுக்கு மேல்முறையீடு செய்வது தடுக்கப்பட்டது. 1534இல் அரசனே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவன் எனச் சட்டம் பிறந்தது; அவனைச் சமயப்பகைவன் என்று வாயால் சொல்வதும் அரசதுரோகம் ஆயிற்று. 1536க்கும் 1540க்கும் இடையே துறவுமடங்கள் ஏறத்தாழ எண்ணூறும் மறைந்தன.

1538இல் அவர் விடுத்த ஆணை சுவையானது. ஒவ்வொரு பங்குக்கோயிலிலும் பெரிய அளவிலான ஆங்கில விவிலியம் ஒன்று மக்கள் படிக்குமாறு வைக்கப்படவேண்டும். விலையில் பாதியைக் குருவும் பாதியைப் பங்குமக்களும் ஏற்கவேண்டும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்கவேண்டும் என்பதும் அவ்வாணையிலேயே உண்டு. பாரிசில் தொடங்கிய அச்சுப்பணியைச் சமய விசாரணையாளர் தடுத்தமையால் நூல் 1539இல் இலண்டனில் நிறைவெய்தியது. கவர்டேல் செப்பம் செய்த அந்நூலில் பெரும்பகுதி டிண்டேலின் உழைப்பு. 1536இல் தாழ்நாடுகளில் சமயப்பகைவன் எனக் கொல்லப்பட்ட அவர் பெயர் நூலில் எங்கும் இல்லை!

முகப்புப் படத்தை ஊன்றி நோக்குக. அரியணையில் அமர்ந்து ஹென்றி நூலை வழங்குகிறான். பேராயர் கிரான்மர் ஒருபுறமும் கிராம்வெல் மறுபுறமும் பெற்றுக் கீழே அளிக்கின்றனர். அடித்தட்டில் மக்கள் மன்னனை வாழ்த்துகின்றனர். நூல் மேலிருந்து கீழே வருகிறது. மக்கள் கேட்டுப் பெற்றதாக ஓவியன் காட்டவில்லை. டிண்டேலின் மொழிபெயர்ப்பைத் துணிமூட்டைகளுள் மறைத்துக் கடல்கடத்தி, கேடுவரும் என அறிந்தே படித்தவர்களுக்கு அப்படத்தில் இடமில்லை.

1540 ஏப்ரலில் எசெக்ஸ் கோமகனாக உயர்ந்த கிராம்வெல் ஜூன் 10இல் சிறைப்பட்டார். விசாரணை இல்லை. நாடாளுமன்றம் சட்டமியற்றியே அவரைக் குற்றவாளி ஆக்கியது. முந்தைய ஆண்டு சாலிஸ்பரிக் கோமகள் மார்கரெட் போலை வீழ்த்த அவர் கையாண்ட கருவியும் அதுவே. ஜூலை 28இல் அவர் தலை வீழ்ந்தது. அன்றே அரசன் ஐந்தாம் மணம் புரிந்தான். பின்வந்த பதிப்புகளின் முகப்பில் கிராம்வெல்லின் குலச்சின்னம் வெட்டி நீக்கப்பட்டது. அவர் உருவத்தின் கீழ் வெற்று வட்டம் மட்டும் நின்றது.

1543இல் மற்றொரு சட்டம் வந்தது. உயர்குடிப் பெண்டிர் தமக்குத் தாமே தனித்துப் படிக்கலாம். ஏனைய பெண்டிரும் கைவினைஞரும் உழவரும் கூலியாட்களும் ஆங்கில விவிலியத்தைப் படிக்கவே கூடாது. ஐந்தாண்டுக்குமுன் விலையில் பாதி கொடுத்து வாங்கிவைத்த பங்குமக்களுள் பெரும்பாலோர் இவர்களே அல்லரோ? கல்லூரியில் பெண்களுக்குப் பாடஞ்சொல்லும் எனக்கு, அரசன் அமைச்சரைக் கொன்றதினும் இச்சட்டமே கொடிதாகப் படுகிறது. கிராம்வெல் கொடுத்த வழியும் சட்டம். ஹென்றி பறித்த வழியும் சட்டம். இரண்டிலும் படிப்பவரை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

ஹென்றி மறைந்த 1547ஆம் ஆண்டிலேயே, அவன் மகன் ஆறாம் எட்வர்டின் முதல் நாடாளுமன்றம் அத்தடையை நீக்கியது. எட்வர்டுக்கு அப்போது பத்து வயது.