கயிறும் மனமும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

அன்றாட மன இறுக்கத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளனர். இது பட்டணத்தாரின் பிணி, கடற்கரையாருக்கு ஏன் என்று எண்ணுவோரும் இச்சபையில் இருத்தல் கூடும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறிற்று. அன்றிரவு கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையுள்ள இக்கரையில் எத்தனை வீடுகளில் நிம்மதியான உறக்கம் இருந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள். இது நமது பிணியே.

இறுக்கம் என்றால் என்ன? கனடாவின் மொன்றியல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே என்னும் மருத்துவ அறிஞர் 1936இல் ஒரு கருத்தை வெளியிட்டார். குளிராயினும் காயமாயினும் நஞ்சாயினும், துன்பம் எவ்வகைத்தாயினும், உடல் அதற்கு ஒரே வகையாய் விடையளிக்கிறது. முதலில் விழித்தெழுகிறது, அடுத்து எதிர்த்து நிற்கிறது, துன்பம் ஓயாவிடின் இறுதியில் சோர்ந்து வீழ்கிறது. இந்நிலையைக் குறிக்கப் பின்னர் அவர் பரப்பிய 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல், இரும்பும் கயிறும் தாங்கும் விசையைக் குறிக்கப் பொறியியலார் வழங்கிய சொல்லேயாம்.

கயிறு என்றதும் நமக்கு வேறு விளக்கம் வேண்டுமோ? கரைவலைக் கயிறு இறுகாமல் வலை கரை சேராது. ஆகவே இறுக்கம் குற்றமன்று. பரீட்சைக்கு முன் மாணவன் நெஞ்சு படபடப்பதும், கடலுக்குப் போனவன் வரும்வரை மனைவி கலங்குவதும் நோயல்ல. ஆனால் இராப்பகலாய் இறுகியபடியே கிடக்கும் கயிறு நைந்து அறும். தளர்த்தத் தெரியாமைதான் கேடு.

தளர்த்தும் வித்தையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். உடப்புக் கரையில் வலை இழுத்தோர் அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தனர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றோர் வாங்கிப் பாடுவர். பாட்டின் தாளத்தில் எல்லோரும் ஒருங்கே இழுப்பர். அடுத்த தாளம் வரும்வரை மூச்சு வாங்குவர். அதிலே நான்கு நன்மைகள் உண்டு: மூச்சுக்கு ஓர் அளவு, பாரத்துக்குப் பல தோள்கள், இழுப்புக்கு இழுப்பு ஓர் ஓய்வு, மடி கரையேறியதும் வேலைக்கு ஒரு முடிவு.

இது பழம்பெருமை பேசுவதன்று. ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் படகோட்டிகளிடம் நடத்திய ஒரு சோதனை 2010இல் பிரசுரமாயிற்று. தனியே பயிற்சி செய்தபோதைவிடக் கூடிப் பயிற்சி செய்தபோது அவர்கள் வலியை அதிகம் தாங்கினர். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஸ்பெயின் நாட்டுக் கிராமமொன்றில் தீ மிதித்தோரின் இதயத் துடிப்பை அளந்தது. பார்த்து நின்ற உறவினரின் துடிப்பும் மிதித்தவரின் துடிப்போடு சேர்ந்தே ஏறி இறங்கியது. அயலாரிடம் அந்த ஒற்றுமை காணப்படவில்லை. திரௌபதை அம்மன் சந்நிதியில் ஆடித் தீமிதி காணும் உடப்பு மக்களுக்கு இது வியப்பன்று.

பின்னரோ பல கரைகளில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சக்கரம் கயிற்றை இழுக்கத் தொடங்கிற்று. கைகளின் வருத்தம் குறைந்தது நன்றே. ஆனால் பாட்டு ஓய்ந்தது, கூட்டமும் கலைந்தது. கடன், பரீட்சை, வெளிநாட்டு வேலை என்னும் கயிறுகளை ஒவ்வொருவரும் தனித்தே இழுக்கிறோம். நள்ளிரவில் கைத்தொலைபேசி ஒன்றே துணை. சிலர் சாராயத்தை நாடுகின்றனர். அது இறுக்கத்தைத் தளர்த்துவதுபோற் காட்டி, உறக்கத்தைக் கெடுத்து, விடியும்போது கடனையும் கூட்டி வைக்கும்.

ஆகவே வாலிபர்களே, எளிய சில வழிகளைக் கைக்கொள்வோம். நெஞ்சு படபடக்கும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததிலும் நீளமாக விடுவோம். இதயத்தின் வேகம் தணியும். மாலையில் மணலில் நடப்போம், பந்து விளையாடுவோம். படுக்கும்போது தொலைபேசியை எட்ட வைப்போம். கவலைகளை ஒரு தாளில் எழுதி, இன்று செய்யக்கூடியதையும் நம் கைக்கு அப்பாற்பட்டதையும் பிரிப்போம். சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போது எவரும் கடலோடு சண்டையிடுவதில்லை. கரையிலிருந்து வலை பொத்துகிறோம். அந்த விவேகம் மற்றைக் கவலைகளுக்கும் ஆகும்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை ஒருவன் "என்னால் தாங்க முடியவில்லை" என்றால், "நாங்கள் படாத பாடா?" என்று வாயடைக்க வேண்டாம். அருகிருந்து கேளுங்கள். கேட்பதே பாதிப் பாரத்தை இறக்கும்.

இதை வற்புறுத்தக் காரணமுண்டு. 1990களின் நடுவில் நமது நாட்டின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. கொடிய பூச்சிநாசினிகள் சிலவற்றைத் தடை செய்தபின் அது வெகுவாகக் குறைந்தது. இதனால் அறிவது யாது? தாங்கவொண்ணாத அந்தக் கணம் நிலையானதன்று. அது கடந்து போகும். அக்கணத்தில் நஞ்சு கைக்கெட்டாமலும் மனிதர் கைக்கெட்டியும் இருந்தால் உயிர் தப்பும். உறக்கமும் பசியும் இரண்டு கிழமைக்கு மேலாய்க் கெட்டிருந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ, தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்தையும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு வைத்தியரை நாடுவதில் வெட்கமில்லை; இதிலும் இல்லை.

சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைத்து அமைகிறோம். கிழமைக்கு ஒரு மாலை கடற்கரையில் கூடுவோம். அம்பாப் பாட்டு அறிந்த முதியோர் அடி எடுத்துக் கொடுக்கட்டும். இளையோர் வாங்கிப் பாடட்டும். அன்று வராதவன் வீட்டுக்கு மறுநாள் ஒருவர் சென்று, "ஏன் தம்பி வரவில்லை?" என்று கேட்டு வரட்டும். இதற்குப் பணம் வேண்டாம், கட்டிடம் வேண்டாம். மனம் ஒன்றே வேண்டும்.