மின்சாரத்தாற் சுழலும் நீர்ப்பம்பி

பழைய போர்ட் 'ரி' வகைக் கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு நீர்ப்பம்பியே இல்லை. சூடேறிய நீர் தானே மேலெழுந்து றேடியேற்றரை அடைந்தது. பின்வந்த கார்களில் எஞ்சினின் பெல்ற் பம்பியைச் சுழற்றிற்று. எஞ்சின் நின்றாற் பம்பியும் நிற்கும். உட்சூடோ உடனே தணியாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறி நிறுத்திய கார் கொதித்துப் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்பம்பிக்கு இக்குறை இல்லை. 2009இல் வந்த தொயோற்றா பிரியஸ் அத்தகையதே.

பழைய காரில் இதனைப் பொருத்துவோர், அதே பெல்ற் மின்னாக்கியையும் சுழற்றுகிறதா என முதலிற் பார்த்தல் வேண்டும். பெல்ற்றைக் கழற்றி எறிந்தாற் பற்றறி வறளும், பம்பியும் நிற்கும். மேலும், பழைய பம்பி பழுதடையுமுன் பெரும்பாலும் நீர் கசிந்தோ, ஓசையெழுப்பியோ அறிவிக்கும். மின்பம்பியோ ஓர் உருகி எரிந்தால் அரவமின்றி நின்றுவிடும். சிலிண்டர்த் தலை வளைந்த பின்னரே சாரதி அறிவார். வெப்ப எச்சரிக்கை விளக்கொன்றை அவர் கண்முன் பொருத்தாமல் அவ்வண்டியைத் தெருவில் இறக்குதல் தகாது.