யாரைக் கேட்டு முடிவெடுப்பது?

(மிஷன் ஆஸ்பத்திரியைத் தாங்குவோர் கூடுகையில் மருத்துவர்கள், செவிலியர்கள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



 வழக்கமாக இந்தக் கூடுகையில் புதிய வார்டு, புதிய கருவி என்று சொல்லுவோம். இந்த முறை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கிடக்கும் பெஞ்சைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நோய் இல்லை. ஆனால் உள்ளே படுத்திருப்பவருக்காக முடிவெடுக்கிற பாரம் அவர்கள் தோளில் இருக்கிறது.

நாங்கள் அடிக்கடி காண்பது இதுதான். வயதான தாயார் ஒருவர். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கை. இப்போது நிமோனியா. சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கலாமா என்று கேட்கிறோம். பெரிய மகன், "சென்னையிலிருந்து தம்பி வரட்டும்" என்கிறார். தம்பி போனில், "எவ்வளவு செலவானாலும் பாருங்க டாக்டர்" என்கிறார். சித்தப்பா, "வயசான உடம்பு, இம்சை பண்ணாதீங்க" என்கிறார். மூன்று வருஷமாக அந்தத் தாயாரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்த மருமகள் தூணோரம் நிற்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை.

நாங்கள் அவரையும் அழைத்து உட்கார வைக்கிறோம். "அத்தை உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காங்களாம்மா?" என்று கேட்கிறோம். "பக்கத்து வீட்டுத் தாத்தா குழாயோட கிடந்தப்போ, எனக்கு இப்படி வேண்டாம், என் கட்டில் போதும்னு சொன்னாங்க" என்பார். அதன் பிறகு அங்கே பேச்சே மாறிவிடுகிறது.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று பிள்ளைகளைக் கேட்டால், எந்தப் பிள்ளைக்குப் "போதும்" என்று சொல்ல வாய் வரும்? சொன்னால், அம்மாவை நாமே அனுப்பிவிட்டோமோ என்று ஆயுசு முழுவதும் உறுத்தும். "அம்மா இப்போது பேச முடிந்தால் என்ன சொல்லுவார்கள்?" என்று கேட்டால் பிள்ளைகள் நீதிபதிகளாக இருக்க வேண்டியதில்லை. தாயின் வார்த்தையை எடுத்துச் சொல்லும் சாட்சிகளாக இருந்தால் போதும். நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரையே கேட்க வேண்டும். "அவருக்குச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று குடும்பத்தார் மறைப்பது அன்பினால்தான். ஆனாலும் பலருக்குத் தங்கள் நிலைமை முன்னமே தெரிந்திருக்கிறது.

கருவியைப் பற்றியும் விளக்கிச் சொல்லுகிறோம். வென்டிலேட்டர் நோயைக் குணமாக்குவதில்லை. உடம்பு தேறுவதற்கு அவகாசம் கொடுக்கிறது. கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்தவர், விஷமுறிவு மருந்தோடு சில நாட்கள் அந்தக் கருவியில் இருந்து பிழைத்து, நடந்தே வீடு போகலாம். புற்றுநோய் உடலெங்கும் பரவி உறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்கும்போது, அதே கருவி மரணத்தை நீட்டிக்க மட்டுமே செய்யும். எந்தப் பக்கம் என்று தெரியாதபோது, "மூன்று நாள் வைத்துப் பார்ப்போம். இன்னின்ன முன்னேற்றம் தெரிகிறதா என்று கவனிப்போம். பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம்" என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.

சட்டத்தைப் பற்றிய பயமும் ஜனங்களுக்கு உண்டு. 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தேறும் நம்பிக்கையற்ற நிலையில் தனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைப்பதை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். எழுதி வைக்காதவர்களுக்கும், குடும்பத்தாரின் சம்மதத்தோடு இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து முடிவு செய்ய வழி இருக்கிறது. ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு. அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

கருவி வேண்டாம் என்றால் கைவிடுவது என்று அர்த்தமல்ல. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் அளவாக மார்ஃபின் கொடுக்கிறோம். வாயை நனைக்கிறோம், படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறோம். செவிலியராக இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியது இந்தப் பணிக்காகவே. அவரும் விசுவாசத்தோடு இதைச் செய்தவர்.

"நிறுத்தினால் அவிசுவாசம் ஆகாதா?" என்று சிலர் கண்ணீரோடு கேட்பார்கள். தேவன் அற்புதம் செய்ய விரும்பினால் கருவி இருக்கிறதா என்று பார்த்துச் செய்கிறவர் அல்ல என்று சொல்லி, அவர்களோடு சேர்ந்து ஜெபிக்கிறோம்.

பணத்தைப் பற்றி அவர்கள் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள். ஆகவே நாங்களே முதலில் பேசுகிறோம். பிழைக்கக்கூடிய ஒருவர் பணமில்லாமல் வீடு திரும்பக்கூடாது. பிழைக்க வழியில்லாத ஒருவருக்காக, ஊர் பேசுமே என்று நிலத்தை விற்கவும் கூடாது. உங்கள் காணிக்கை இந்த இரண்டு பக்கமும் உதவுகிறது. ஏழை நோயாளியின் கட்டணத்தை அது தாங்குகிறது. செவிலியர் ஒருவர் குடும்பத்தாரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கும், வீடு திரும்பியவரைப் போய்ப் பார்ப்பதற்கும் அதுவே உதவுகிறது. இவற்றுக்கு நாங்கள் பில் போடுவதில்லை.

உங்களிடம் இன்னொரு காரியமும் கேட்கிறோம். இந்த வாரம் குடும்ப ஜெபம் முடிந்தபின் வீட்டுப் பெரியவர்களோடு பேசுங்கள். நோய் முற்றினால் எங்கே இருக்க விரும்புகிறார்கள், எந்தச் சிகிச்சை வேண்டாம், தங்களுக்காக யார் பேச வேண்டும் என்று கேளுங்கள். அபசகுனம் என்று தள்ளிவிடாதீர்கள். பராமரிக்கிற மகளையும் மருமகளையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அந்தப் பெஞ்சில் இன்று உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்காகவும், அவர்களோடு பேசும் எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.