சின்னப் பொறியில் சதுரங்கம்



"வீட்டில் நல்ல கணினி இல்லை, பிள்ளை எப்படிக் கணினித் துறைக்குப் போவான்?" தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்து ஓரத்தில் குடியேறிய குடும்பங்களில் அடிக்கடி எழும் ஏக்கம் இது. இதற்குச் சதுரங்கம் ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது.

இங்கிலாந்துக் கணித மேதை ஆலன் டூரிங், 1948இல் நண்பர் சாம்பர்நௌனுடன் சேர்ந்து சதுரங்கம் ஆடும் புரோகிராம் ஒன்றை வகுத்தார். அதை ஓட்டும் கணினி அன்று இல்லை. டூரிங் சோர்ந்து போனாரா? இல்லை. 1952இல் தாமே கணினியாக மாறி, காகிதத்தில் கணக்குப் போட்டு ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம்! ஆட்டத்தில் தோல்விதான். ஆனாலும் புரோகிராம் பிறந்துவிட்டது.

1982இல் டேவிட் ஹார்ன் என்பவர் 'இசட்.எக்ஸ்.81' என்ற மலிவான கணினிக்குச் சதுரங்கம் எழுதினார். அவர் பயன்படுத்திய இடம் வெறும் 672 பைட். எழுத்துக்கு ஒரு பைட் என்றால், ஆங்கிலத்தில் கால் பக்கக் கடிதம்! ராஜா கோட்டை கட்டுவது, சிப்பாயின் பதவி உயர்வு போன்ற சில விதிகளை விட்டுவிட்டு, மற்றதை அதற்குள் அடக்கினார். அதே இசட்80 சில்லின் வகைதான் பின்னாளில் 'டிஐ-83 பிளஸ்' கால்குலேட்டருக்குள்ளும் அமர்ந்தது. அதில் 24 கிலோபைட் இடம். ஹார்னுக்கு அது அரண்மனை!

1997இல் காஸ்பரோவை வென்ற 'டீப் புளூ', நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. 2009இல் ஒரு கைப்பேசியில் ஓடிய 'பாக்கெட் ஃபிரிட்ஸ்' நொடிக்கு 20,000 நிலைகளைக்கூட ஆராயவில்லை. ஆனால் புவனோஸ் ஐரிஸ் போட்டியில் 10 ஆட்டங்களில் 9 வெற்றி, 1 சமன். வேகத்தைவிட, எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்ற தேர்வே வென்றது.

பெற்றோர்களே, இன்றிரவே பிள்ளையிடம் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். 64 கட்டங்களுக்கும் எண் போடட்டும். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என மதிப்பு எழுதட்டும். நடுவில் நிற்கும் குதிரைக்கு 8 வழி; மூலையில் நின்றால் 2 வழிதான். பலகையின் ஓரத்தைத் தாண்டாதிருக்க என்ன விதி? அதைப் பிள்ளை தானே கண்டுபிடித்தால், முதல் வரி எழுதியாகிவிட்டது.

கணினி வேண்டாம் என்பதல்ல வாதம். முடிந்தபோது வாங்கிக் கொடுங்கள். அதுவரை பிள்ளையின் சிந்தனை காத்திருக்க வேண்டியதில்லை.