ஒரு பானைச் சோறும் ஊர்க் கணக்கும்



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையில் உள்ள எல்லாப் பருக்கையையும் யாரும் நசுக்கிப் பார்ப்பதில்லை. ஊரில் எத்தனை பேருக்கு ஒரு நோய் வந்து போனது என்று அறியவும் இதுவே வழி. சிலரைச் சோதித்து, ஊருக்குக் கணக்குப் போடுகிறார்கள்.

எதைச் சோதிக்கிறார்கள்? நோய்க் கிருமி உள்ளே நுழைந்தால் உடல் அதை எதிர்த்துப் போராடும். அதற்காக இரத்தத்தில் ஒரு பொருள் உண்டாகும். அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். நோய் போன பிறகும் அது பல மாதங்கள் இருக்கும். பிறகு மெல்லக் குறையும். காய்ச்சலே இல்லாமல் கிருமி வந்து போனவரிடமும் பெரும்பாலும் இருக்கும். சிறிது இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கர்நாடக அரசு 16 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சோதித்தது. நூற்றுக்குச் சுமார் 27 பேருக்கு நோய் இருந்தது, அல்லது வந்து போயிருந்தது. அப்படியானால் மாநிலம் முழுவதும் 1 கோடியே 93 லட்சம் பேர். ஆனால் அதுவரை அரசுப் பதிவேட்டில் ஏறிய நோயாளிகள் 5 லட்சத்துக்கும் குறைவு! வித்தியாசம் எவ்வளவு, பார்த்தீர்களா?

அதே ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆராய்ச்சியாளர்கள் சிலர் வேறொரு கணக்கு எடுத்தார்கள். அதில் நூற்றுக்குச் சுமார் 47 பேர் என்று வந்தது. ஒரே மாநிலம். ஏன் இரண்டு விடை? அரசு எடுத்த கணக்கில் மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகள், நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள், சந்தை வியாபாரிகள், முதியவர்கள் எனப் பலர் இருந்தார்கள். மற்றவர்கள் வீடுகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சோதனை முறையும் வேறு. ஆள் மாறினால், முறை மாறினால், விடையும் மாறும்.

இந்த வேலையில் தொல்லைகள் பல.

முதல் தொல்லை பயம். 2020 ஏப்ரலில் பெங்களூரின் பாதராயனபுரா, பாபுஜி நகர் வார்டுகளை அடைத்தார்கள். தெரு அடைபட்டால் கூலிக்குப் போக முடியுமா? உலை கொதிக்குமா? அதைக் கண்டவர்கள் இரத்தம் கொடுக்க அஞ்சுவது இயல்புதான்.

இரண்டாவது, ஆள் கிடைப்பதில்லை. பகலில் வீடு பூட்டியிருக்கும். கொத்தனார், சித்தாள், கார்மெண்ட்ஸ் தொழிலாளி எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். கட்டடம் நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகையில் இருப்பவர்கள் பட்டியலில் எளிதாக விடுபட்டுப் போவார்கள்.

மூன்றாவது, மொழி. பெங்களூரில் ஒரே தெருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி கேட்கும். புரியாத மொழியில் கேட்டால் யார் கை நீட்டுவார்?

நான்காவது, இரத்தம் கெடக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடம் கொண்டு செல்ல வேண்டும். மின்சாரம் நிற்கும் ஊர்களில் இது பெரும்பாடு. சோதனைக்கு வேண்டிய பொருள்களையும் ஏழை நாடுகள் பல வெளிநாட்டிலிருந்தே வாங்க வேண்டியுள்ளது. இந்தியாவில் புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் 2020 மே மாதத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் சோதனை முறையைத் தானே உருவாக்கியது. இது பெரிய உதவியாயிற்று.

சரி, கணக்குத் தப்பினால் என்ன? மேல் சோற்றை மட்டும் பார்த்தால் அடிச்சோறு தீய்ந்தது தெரியாது. உழைப்பவர் வாழும் தெரு விடுபட்டால், அங்கே நோய் குறைவு என்று ஏட்டில் எழுதப்படும். பிறகு அந்தத் தெருவுக்கு மருத்துவரும் மருந்தும் எப்படி வரும்?

ஆகவே, இரத்தம் எடுக்க வருபவரை விரட்ட வேண்டாம். கேள்வி கேளுங்கள். நீங்கள் யார்? எதற்காக எடுக்கிறீர்கள்? முடிவை எப்போது சொல்வீர்கள்? என் பெயர் வெளியே போகுமா? அவர்கள் ஒரு சம்மதப் படிவம் தருவார்கள். எழுத்துக் கூட்டியாவது முழுவதும் படியுங்கள். புரியாத இடத்தை விளக்கச் சொல்லுங்கள். மனமில்லை என்றால் மறுக்கலாம். அது உங்கள் உரிமை. மனமிருந்தால் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது அல்லவா?

உங்கள் கைவிரல் தொட்டுப் படித்த எழுத்து, உங்கள் தெருவையும் கணக்கில் சேர்க்கும்.