பேச்சு எங்கிருந்து வருகிறது?



குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறதென்றால், "சரஸ்வதி நாவில் எழுதுகிறாள்" என்பாரும், "குலத்தோடு வருவது" என்பாரும் நம்மில் இருக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அப்படியானால் பேச்சே கேளாத குழந்தைக்கும் அது வரவேண்டாமா? 16-ஆம் நூற்றாண்டில் அக்பர், பேசக்கூடாதென்று கட்டளையிட்ட தாதிகளிடம் சில குழந்தைகளை வளரவிட்டார். அவை பேசவில்லையென்று அக்பர்நாமா கூறுகிறது. கொடிய சோதனைதான், ஆனால் எத்தெய்வமும் வந்து எழுதவில்லையே!

சரி, சத்தம் காதில் விழுந்தால் போதுமா? போதாது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தார் செய்து 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 தடவை கேட்பித்தார்கள். நேரில் விளையாடிக்கொண்டு பேசியவர்களிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேற்றுமையை அறிந்துகொண்டன. அதே ஆட்களைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்த குழந்தைகள் அறியவில்லை.

ஆகவே பேச்சு என்பது மனிதனிடமிருந்து மனிதனுக்கு வருவதேயாகும்.

உபாத்தியாயர்களே! வாய் திறவாத பிள்ளையை "மண்டு" என்னாதீர்கள். அதன் குலத்தை விசாரிக்காதீர்கள். அதனோடு யார் பேசினார்கள் என்று விசாரியுங்கள். பிள்ளைகளைக் கைகட்டி வாய்பொத்தி உட்காரவைத்து நீங்கள் மாத்திரம் பேசினால், நீங்களும் அந்தப் பெட்டிதானே? வீட்டுப் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அதுதான் பிள்ளை கொண்டுவந்த கைமுதல். கேள்வி கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள். ஆணானாலும் பெண்ணானாலும், எச்சேரிப் பிள்ளையானாலும் பேசும்!