வகுப்புப் பந்தயமும் சொன்ன நேரப் பந்தயமும்



சில நாட்களுக்கு முன் அபர்தீன் கடைத்தெருவை அடுத்த ஒரு மெக்கானிக் கொட்டகையில் நாம் காத்து நின்றபோது, இரண்டு இளைஞர்களுக்கிடையே வாக்குவாதம் மூண்டது. மூத்தவரிடம் 200 சி.சி. புது மோட்டார் சைக்கிள். இளையவரிடம் இருந்ததோ, அவருடைய தமையனார் பல்லாண்டு ஓட்டித் தேய்த்த 100 சி.சி. வண்டி. "தம்பி, என் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கக்கூட உன் வண்டிக்குத் தகுதி இல்லை" என்றார் மூத்தவர். "நிறுத்தித்தான் பார்ப்போமே அண்ணே, இன்றிரவு கார்பின்ஸ் கோவ் சாலையில்!" என்றார் இளையவர். கொட்டகைக்காரர் இருவரையும் அதட்டி அனுப்பிவிட்டார்.

அவர் செய்தது நன்று. கடலோரமாக வளைந்து செல்லும் சாலையில் இரவில் பந்தயம் விடுவது உயிரோடு விளையாடுவதாகும். அரசின் இசைவின்றிப் பொதுவிடத்தில் வண்டிப் பந்தயம் நடத்தினால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி, முதல் குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆயினும் அந்த இளையவரின் அறைகூவலில் ஒரு நியாயமான கேள்வி அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. சமமில்லாத இரு வண்டிகளுக்கிடையே நேர்மையான பந்தயம் உண்டா என்பதே அக்கேள்வி.

நேர்பாதையில் இருவர் இருவராக ஓடும் ஓட்டத்தை 'டிராக்' பந்தயம் என்பர். அமெரிக்காவில் 1951-இல் அதற்கென ஒரு தேசியச் சங்கம் தோன்றிற்று. பாதையின் நீளம் வழக்கமாகக் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். இடம் சிறிதாயின் அதில் பாதி. தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்திற்காக ஓட்டுவோருக்கு அங்கே இரு வழிகள் உள்ளன.

முதல் வழியைச் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த அன்பர்களுக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிக்கிறோம் அல்லவா? பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு யாரும் மோத விடுவதில்லை. வகுப்புப் பந்தயமும் அதுவே. யந்திரத்தின் கொள்ளளவு, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்னும் அமைப்பு, எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்னும் வரம்பு ஆகியவற்றைக் கொண்டு வகுப்புகள் வகுக்கப்படும். ஒரே வகுப்பினர் இருவர் ஒரே கணத்தில் புறப்படுவர். முதலில் கோட்டைத் தொட்டவர் வென்றவர்.

நம் நாட்டில் நடப்பது பெரும்பாலும் இம்முறையே. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், போர்க்கால விமானத்தளமாகிய சோழவரத்தில் பந்தயங்களை வளர்த்ததும், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு பாதை அமைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அப்பாதையில் பின்னாளில் நடந்த தேசிய டிராக் பந்தயங்களும் கொள்ளளவு வாரியாகவே நடத்தப்பட்டன.

இம்முறையில் குறை என்னவெனில், வரம்பின் விளிம்புவரை யந்திரத்தைத் தீட்டுபவருக்கே வெற்றி கிட்டும். தீட்டுவதற்குப் பணம் வேண்டும். வென்ற பின்னரும் ஐயம் எழுந்தால் யந்திரத்தைப் பிரித்து அளந்து பார்ப்பர். எளியவர் தம் வகுப்பிலேயே எளியவராக நிற்க நேரிடும்.

இரண்டாவது வழிக்குப் 'பிராக்கெட்' பந்தயம் என்று பெயர். நாம் இதைச் சொன்ன நேரப் பந்தயம் என்போம். இதில் வண்டி எதுவாயினும் கவலையில்லை. ஒவ்வொருவரும் தம் வண்டி அந்தத் தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கும் என்பதைத் தாமே முன்கூட்டி அறிவிக்க வேண்டும். நம் இளையவர் 21 வினாடி என்றும், மூத்தவர் 16 வினாடி என்றும் அறிவித்ததாகக் கொள்வோம். இளையவருக்குப் பச்சை விளக்கு ஐந்து வினாடி முன்னதாகவே எரியும். இருவரும் ஒரே விழிப்போடு புறப்பட்டுச் சொன்னபடியே ஓடினால், இருவரும் ஒன்றாகவே கோட்டை அடைவர்.

அப்படியானால் வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிச் சொல்லிச் சலுகை பெறலாமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கடுமையான விதி ஒன்று உண்டு. சொன்ன நேரத்தைவிட விரைவாக ஓடியவர் தோற்றவர். 21 என்று சொல்லி 20.90-இல் வந்தால், முதலில் வந்தாலும் பயனில்லை. இருவருமே மீறியிருந்தால், குறைவாக மீறியவருக்கு வெற்றி. மிக வேகமாக ஓடியதற்காகத் தோற்கும் பந்தயம் உலகில் வேறு எத்தனை உண்டோ!

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம், விளக்கு எரியும்போது தொடங்குவதில்லை. சக்கரம் புறப்பாட்டுக் கோட்டை விட்டு நகரும்போதுதான் தொடங்கும். ஆகவே பச்சையைக் கண்டும் அரை வினாடி தயங்கியவர், சொன்ன நேரத்தை அப்படியே ஓடிக் காட்டினாலும் தோற்கக்கூடும். முந்திக்கொண்டு பாய்ந்தாலோ சிவப்பு விளக்கு எரியும், ஆட்டம் முடிந்தது.

ஆக, வகுப்புப் பந்தயம் எந்த வண்டி விரைவானது என்று கேட்கிறது. சொன்ன நேரப் பந்தயம் யார் தம் வண்டியை அறிந்தவர் என்று கேட்கிறது. நம் தீவுகளுக்கு இரண்டாவதே ஏற்றதென்பது நம் கருத்து. இங்குள்ள வண்டிகளோ பலவகை. அவற்றை வகுப்பு வகுப்பாகப் பிரித்தால் ஒரு வகுப்பில் இருவரோ மூவரோதான் எஞ்சுவர். யந்திரத்தைத் தீட்டும் உறுப்புகளுக்காகச் சென்னைக் கப்பலை எதிர்பார்த்திருப்பதும் பலருக்கு இயலாத காரியம். ஒரு மூடிய மைதானமும், 200 மீட்டர் நேர்பாதையும், அதற்கப்பால் வண்டி நிற்கப் போதிய இடமும், நம்பத்தக்க கடிகாரமும், மருத்துவ உதவியும், அரசின் அனுமதியும் கிடைத்தால், நூறு சி.சி. பையனும் பெரிய வண்டிக்காரரும் ஒரே களத்தில் நிற்கலாம். விமான நிலைய ஓடுபாதையைக் கேட்க எண்ண வேண்டாம். அது கடற்படைக்கும் பயணிகளுக்கும் உரியது.

நம் ஊர்க் காற்றும் இப்போட்டியில் ஓர் ஆட்டக்காரர்தான். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் யந்திரத்திற்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவு. காலையில் 21 வினாடியில் ஓடிய வண்டி, புழுக்கமான நண்பகலில் அதே நேரத்தில் ஓடாது. ஆகவே தேர்ந்த ஓட்டுநர் ஒவ்வொரு ஓட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்.

அந்த இளையவரைப் பின்னர் ஒருநாள் அதே கொட்டகையில் கண்டோம். "தம்பி, உன் வண்டி கால் மைலை எத்தனை வினாடியில் கடக்கும்?" என்று கேட்டோம். சற்று நேரம் யோசித்தார். "வேகமாகப் போகும் என்று தெரியும் ஐயா. எத்தனை வினாடி என்று இதுவரை யாரும் கேட்டதில்லையே" என்றார்.